ராவிலெ ஒன்னும் கழிக்கருது

மதுரையில் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று சொன்னதும், ஆபரேஷனைத் திருவனந்தபுரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். சாலைக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இந்த ஊரும் இதன் பாஷையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று ஒரு நினைப்பு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அக்கா ஒருத்திதான். அவளை மயக்கம் கொடுத்துப் படுக்க வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அவளுக்குப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. கேள்விகள்தான் இருந்தன. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஊசி போட வந்த கம்பவுண்டரிடம் மருந்து உள்ளே போய் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டவள் அவள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் எங்கள் அறைக்கு வந்தார். இளவயதுப் பெண், பொறுமைசாலி. அக்காவிடம் மாட்டிக்கொண்டார். அவள் தமிழில் கேட்பாள், நான் மலையாளத்தில் சொல்வேன், வருகிற பதிலை மறுபடி தமிழாக்குவேன். பாதி ஆபரேஷனில் முழிப்பு வந்துவிட்டால்? வராது, நான் உங்கள் தலைமாட்டிலேயே இருந்து மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றார். நகத்தில் மருதாணி ஏன் கூடாது? விரலில் மாட்டுகிற கருவிக்கு ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டும். ஆடுகிற பல் இருக்கிறதா என்று ஏன் கேட்கிறீர்கள்? மூச்சுக்குத் தொண்டையில் குழாய் வைக்கும்போது அது விழுந்து உள்ளே போய்விடக் கூடாது. நான் குறட்டை விடுவேனா என்று உங்களுக்கு என்ன கவலை? அதற்கும் மூச்சுதான் காரணம்.

மயக்கத்தில் வாய் உளறி வீட்டு விஷயத்தையெல்லாம் கொட்டிவிடுவேனோ என்று கேட்டபோது மட்டும் அவள் குரல் இறங்கியது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, குழாய் இருக்கும்போது பேசவே முடியாது, முழிக்கும்போது எதையாவது முனகினாலும் நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றார். அப்படியானால் அவ்வளவு நேரமும் நான் எங்கே இருப்பேன் என்றாள் அக்கா. அதற்கு டாக்டர், முழித்ததும் நீங்களே எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

அவர் போன பின் நர்ஸ் வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ராவிலெ ஒன்னும் கழிக்கருது, கேட்டோ. வெள்ளம் போலும்."

நான் தலையாட்டினேன். அக்காவும் தலையாட்டினாள். அவ்வளவு நேரம் மொழிபெயர்த்து எனக்கு நாக்கு உலர்ந்துபோயிருந்தது. அந்த வாக்கியம் எனக்குத் தமிழ் மாதிரியே கேட்டது, அக்காவுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் கேட்டிருக்கிறது, அதுதான் வினை.

காலையில் தியேட்டர் வாசலில் அக்காவைத் தள்ளுநாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். அவள் தோடு என் கைக்குள் இருந்தது. டாக்டர் பச்சை உடையில் வந்து, நேராக அவளிடமே கேட்டார்.

"ராவிலெ ஒன்னும் கழிச்சில்லல்லோ?"

"ராவிலே ஒண்ணும் கழிக்கலை டாக்டரம்மா," என்றாள் அக்கா, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் பெருமையோடு.

டாக்டர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுத் திரும்பினார். என் துணை இல்லாமலே இருவரும் பேசிக்கொள்கிறார்களே என்று எனக்கும் நிம்மதிதான். அப்போது அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு கேளுடி. மயக்க மருந்துக்கும் ராத்திரி ஒண்ணுக்குப் போகாம இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? விடியிற வரைக்கும் அடக்கி வச்சு உசிரு போயிருச்சு."

எனக்குச் சலிப்பாக வந்தது. போதும், உள்ளே போ என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் பார்வை விடவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுவிட்டேன். கேள்வியை மலையாளத்தில் சொல்ல வாயைத் திறந்தவள் அக்காவிடமே திரும்பினேன். உனக்கு இப்படி யார் சொன்னது என்று கேட்டேன்.

"அந்த நர்ஸ் பொண்ணுதான். ராவிலே ஒண்ணும் கழிக்கக் கூடாது, வெள்ளம் போல வந்தாலும் கூடாதுன்னு சொன்னாளே, நீயுந்தானே தலையாட்டுன?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராவிலெ என்றால் இந்த ஊரில் காலையில். கழிப்பது என்றால் சாப்பிடுவது. வெள்ளம் என்றால் தண்ணீர், போலும் என்றால் கூட. காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூட என்று அந்தப் பெண் சொன்னதை, மதுரைக்காரி இரவெல்லாம் அடக்கிக்கொண்டு கிடந்து நிறைவேற்றியிருக்கிறாள்.

"காலையில சாப்ட்டியாக்கா?"

"நீ குளிக்கப் போனப்ப கேன்டீன்காரர் கொண்டாந்தார். மூணு இட்லி. சாம்பார்ல தித்திப்பு ஜாஸ்தி."

நான் சொல்லச் சொல்ல டாக்டரின் முகத்தில் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும், வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆளே போய்விடலாம் என்றார். ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினார்கள். அக்கா அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தாள். மூன்று இட்லி செரிக்க ஒரு நாளா? நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் என் கையிலிருந்த அந்தத் தோடுகளை என்ன செய்திருப்பேன்?

மறுநாள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அறைக்குக் கொண்டு வந்ததும் கண்ணைத் திறந்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள். முடிந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

மயக்க மருந்து டாக்டர் சாயங்காலம் மறக்காமல் வந்தார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். அக்கா வெகு நேரம் யோசித்தாள். "தூங்குனா, தூங்குனோம்னாச்சும் தெரியும். இதுல அதுகூட இல்ல. நடுவுல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் தைச்சிட்டாங்க," என்றாள். நான் ஒரு சொல் விடாமல் மலையாளத்தில் சொன்னேன். டாக்டர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக அவள் பக்கம் குனிந்தார்.

"எந்தெங்கிலும் கழிச்சோ?"

ஏதாவது கழித்தீர்களா என்று கேள்வி. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எதைடி கேக்குறாங்க? உள்ள போனதையா, வெளிய போனதையா?"

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கு அவருக்கு இரண்டுமே தெரிய வேண்டுமாம்.

இப்போதும் அக்கா இங்கே வந்தால் பால்காரர் சொல்வதிலிருந்து பஸ் கண்டக்டர் சொல்வது வரைக்கும் ஒன்று விடாமல் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எனக்குக் காது கேட்கும்டி என்று எரிந்துவிழுகிறாள். கேட்கும், அதுதான் எனக்குப் பயம்.