ஆர்வில் டீட்ஸ் கிழித்த கோடுகள்

ஆர்வில் டீட்ஸைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றால் அவருடைய சட்டையின் கஞ்சி மொடமொடப்பைச் சொல்லலாம். அந்தக் கஞ்சியைப் போட்டவளும் அவர் மனைவி இர்மாதான். மற்றபடி அந்த மனிதரிடம் மெச்சிக்கொள்ள ஒன்றும் இருந்ததாக எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்துக் கடைகளின் தராசுகளைச் சோதிக்கும் உத்தியோகம் அவருக்கு. பித்தளை எடைக்கற்களை ஒரு மரப்பெட்டியில் வைத்துக்கொண்டு திங்கள் முதல் வெள்ளி வரை கடை கடையாக ஏறி இறங்குவார். சீஸ் கடைக்காரர்கள் அவர் கார் சத்தம் கேட்டதும் பின்பக்கம் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவார்கள்.

கோடைக்காலம் வந்தால் சனி ஞாயிறும் சும்மா இருக்க மாட்டார். பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, டிரம் அடித்து, கொம்பு ஊதி, மைதானத்தில் அணிவகுத்து ஆடுகிற டிரம் அணிப் போட்டிகளுக்கு நடுவராகக் கிளம்பிவிடுவார். அந்தக் காலத்துப் போட்டி விதிகள் அவருக்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதியவைபோல இருந்தன. ஒவ்வோர் அணியும் முழுப் புள்ளியோடு மைதானத்துக்குள் நுழையும். அப்புறம் ஒவ்வொரு தப்புக்கும் நடுவர் தாளில் ஒரு கோடு கிழிப்பார். ஒரு கோட்டுக்குப் பத்தில் ஒரு புள்ளி போச்சு. நன்றாக வாசித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது.

டிரம் நடுவர் என்றால் அடிக்கிறவர்களோடு கூடவே, ஒரு கை தூரத்தில், மைதானம் முழுக்க நடக்கவேண்டும். ஆர்வில் நடை தனி நடை. இடுப்பை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, இடது காதை டிரம் பக்கம் சாய்த்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு, தானியம் பொறுக்கும் கோழிபோலப் போவார். இப்படிப் பதினெட்டு வருஷம் நடந்தார். அத்தனை வருஷத்தில் அவர் கண்டதெல்லாம் குச்சி முனைகளும் மணிக்கட்டுகளும்தான். படிகளில் உட்கார்ந்திருக்கிற ஜனம் எதற்குக் கை தட்டுகிறது, எதற்குக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. தேசியப் போட்டியின் நடுவர் அட்டை. விஸ்கான்சினிலிருந்து மொத்தம் இரண்டு பேருக்குத்தான் அது கிடைக்கும். பதினாறு தடவை விண்ணப்பம் போட்டு பதினாறு தடவையும் கடிதத்தில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். 1975-இல் பதினேழாவது தடவை போட்டார். அந்த வருஷம் தலைமை நடுவர் ஹார்லன் நட்சன் மாநிலப் போட்டிக்கு நேரில் வந்து, படியில் உட்கார்ந்து, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஆர்வில் புதிதாக இரண்டு பச்சைச் சட்டை தைத்துக்கொண்டார்.

இனி பால்காரர்கள். ‘பிளம் ஹாலோ பால்காரர்கள்’ என்பதுதான் எங்கள் ஊர் டிரம் அணியின் பெயர். மொத்தம் முப்பத்தெட்டு பேர். பெரிய அணிகளுக்கு நூற்று இருபது பேர், மூன்று பஸ், தொப்பியில் நெருப்புக்கோழி இறகு. எங்களுக்கு வெள்ளை மேலங்கி, கறுப்பு வில் டை, காகிதத் தொப்பி. சீஸ் தொழிற்சாலை முதலாளி எமில் வாவ்ரா தன் செலவில் நடத்திய அணி அது. அவர்கள் மைதானத்துக்குள் வந்ததும் பியூகிள் ஊதுகிறவர்கள் நாலு காலாக நிற்பார்கள், கொடிக்காரப் பெண்கள் ஆறு பேர் வாலாக நிற்பார்கள், பார்த்தால் மைதானம் முழுக்க ஒரு பசுமாடு. அந்த மாடு நடக்கும். வாலை வீசி ஈ ஓட்டும். கடைசிப் பாட்டில் டிரம்காரர்கள் ஏழு பேரும் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு காலிப் பால் கேன்களைத் தலைகீழாகத் தோள்வாரில் தொங்கவிட்டு, நடந்துகொண்டே அடிப்பார்கள். நடுவில் முதல் ஆள் குச்சியைத் தவறவிடுவான். அடுத்தவன் அதைக் குனிந்து எடுக்கப்போய்த் தன் குச்சியைத் தவறவிடுவான். இப்படியே ஏழு பேர் குச்சியும் விழுந்தபின், முதல் ஆள் எறிகிற குச்சியைக் கடைசி ஆள் கேன் மூடியால் பிடிப்பான். ஓர் அடிகூடத் தாளம் பிசகாது. அதைச் செய்வது சரியாக வாசிப்பதைவிட நாலு மடங்கு கஷ்டம். கை தட்டித் தட்டி எங்களுக்கு உள்ளங்கை எரியும். அந்தப் பெரிய இறகு அணிகளில் எது எந்த வருஷம் ஜெயித்தது என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த மாட்டின் வாலை மட்டும் மறக்க முடியவில்லை.

ஆர்வில் கண்ணுக்கு அது ஏழு பேர் தவறவிட்ட ஏழு குச்சிகள். ஜூன் மாதம் எங்கள் ஊரிலேயே, பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி சுடுகிற புகைக்கும் வறுத்த சீஸ் வாசனைக்கும் நடுவில் நடந்த போட்டியில், அவர் ஏழு கோடு கிழித்தார். பால்காரர்கள் சொந்த ஊரில் கடைசியாக வந்தார்கள்.

எமில் அவரைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தார். அது வேண்டுமென்றே செய்கிற வேடிக்கை என்றும், ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே இடத்தில் அதே அடியில்தான் குச்சி விழுகிறது என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆர்வில் கார் கதவைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“குச்சி தரையில விழுந்துதா இல்லியா?” என்றார்.

“விழுந்துது. அதுதான் ஆட்டமே. உனக்குப் புரியலியா ஆர்வில்?”

“உன் கடையில ஒரு பவுண்டுக்கு முக்கால் பவுண்டு நிறுத்துட்டு, வேணும்னேதான் செஞ்சேன்னு சொன்னா நான் விட்டுடுவேனா?”

எமிலின் மகள் டோலோரஸ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, ஆறடி உயரம், அணியில் ஜால்ரா தட்டுகிறவள். எங்கள் ஊரில் அவளைப்போல ஆளை நகல் எடுத்துக் காட்ட யாராலும் முடியாது. பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் இருமுவதை அவர் எதிரிலேயே இருமிக்காட்டி மாட்டிக்கொண்டவள். காருக்குள் ஏறும் ஆர்விலை மேலிருந்து கீழ்வரை அவள் நிதானமாகப் பார்த்தாள். அவருக்கு அப்போதாவது சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

ஆகஸ்டில் மாநிலப் போட்டி. பகல் சுற்றில் முதல் எட்டு இடத்துக்குள் வந்தால்தான் மாலை இறுதிச் சுற்றில் ஆட முடியும். பால்காரர்கள் அதுவரை எட்டுக்குள் வந்ததே இல்லை. படியில் ஹார்லன் நட்சன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு வரிசை தள்ளி இர்மா இருந்தாள்.

மாடு நடந்தது. வால் வீசியது. பால் கேன்களை மாட்டிக்கொண்டார்கள். ஆர்வில் இடுப்பை மடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். அப்போது டோலோரஸ் ஜால்ராவை வைத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றினாள். உள்ளே பச்சைச் சட்டை. ஒட்டு மீசை. கையில் அட்டையும் பென்சிலும். பின்பக்கத்தைத் தூக்கி, காதைச் சாய்த்து, பென்சிலை நக்கியபடி, அவருக்கு இரண்டடி பின்னால் அவர் நடையையே நடந்தாள். அவர் இடது பக்கம் திரும்பினால் அவளும் திரும்பினாள். குச்சி விழ விழ அவள் வெறிபிடித்தவள் மாதிரி எழுதினாள், தாள் தாளாகக் கிழித்துப் பறக்கவிட்டாள். எட்டாயிரம் பேர் சிரித்த சிரிப்பில் கேன் சத்தமே கேட்கவில்லை.

ஆர்வில் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் என்னவோ நடக்கிறது என்று தெரியும். அது தன்னைப் பற்றியதுதான் என்றும் தெரியும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் இர்மாவின் சிரிப்பைத் தனியாக அவர் காது பிடித்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. அந்த ஒரு நொடி கவனம் போயிற்று. டிரம் வரிசை திரும்புகிற இடத்தில் நகராமல் நின்றார். ஒரு கேன் அவர் முட்டியில் இடித்தது. பென்சில் கீழே விழுந்தது.

டோலோரஸ் குனிந்து அதை எடுத்தாள். முனையை நாக்கில் தொட்டாள். தன் அட்டையில் மெதுவாக, எல்லோரும் பார்க்க, ஒரே ஒரு கோடு கிழித்தாள். தாளைக் கிழித்து, பென்சிலோடு சேர்த்து மரியாதையாக அவரிடம் நீட்டினாள். ஜனம் எழுந்து நின்றுவிட்டது. ஆர்வில் பென்சிலை மட்டும் வாங்கிக்கொண்டு தன் தாளில் என்னவோ குறித்தார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

பால்காரர்களுக்கு ஒன்பதாவது இடம். எட்டாவது அணிக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரே ஒரு கோடு. ஹார்லன் நட்சன் ஆர்விலின் தாளை வாங்கிக் கோடுகளை எண்ணினார். ஏழு குச்சிக்கு ஏழு கோடு. எட்டாவதாக ஒன்று இருந்தது.

“இது எதுக்கு?”

“பென்சில் விழுந்ததுக்கு.”

“உன் பென்சிலாச்சே.”

“அவங்க கேன் இடிச்சுத்தானே விழுந்துது.”

ஹார்லன் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். எட்டாயிரம் பேர் சிரித்தபோதும் சிரிக்காத ஒரே ஆளைத் தேடித்தான் அவர் இத்தனை தூரம் வந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நடுவர் அட்டை ஆர்விலுக்குக் கிடைத்தது. இப்படிப்பட்ட பென்சிலுக்கு அப்படிப்பட்ட அட்டை. அன்று மாலை இறுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போது, பால்காரர்கள் வெளியே பஸ் பக்கத்தில், பெட்ரோல் கறை படிந்த சிமெண்டுத் தரையில், தங்கள் ஆட்டத்தை முழுசாக இன்னொரு தடவை ஆடினார்கள். பாதி ஜனம் மைதானத்தை விட்டு எழுந்து அங்கே போனது. இர்மாவும் போனாள். ஆர்வில் போகவில்லை. அந்த டிசம்பரில் எமில் கடையை மட்டும் வைத்துக்கொண்டு தொழிற்சாலையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார். டிரம் அணிக்கெல்லாம் அவர்கள் செலவு செய்யத் தயாராக இல்லை. மாடு அதோடு படுத்துவிட்டது.

அடுத்த ஆகஸ்டில் தேசியப் போட்டி. பத்தொன்பதாயிரம் பேர், விளக்கு வெளிச்சம், தொலைக்காட்சி. பதினேழு வருஷம் தவம் கிடந்த இடத்தில் ஆர்வில் இடுப்பை மடித்து நடந்தார். கிழக்கிலிருந்து வந்த ஒரு பெரிய அணி ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முகமும் துக்க வீட்டு முகம். பாட்டு இழைந்து இழைந்து தேய்ந்து, மைதானமே மூச்சைப் பிடித்திருந்த இடத்தில், அவருக்கு நேர் எதிரே நின்றவன் கையிலிருந்து குச்சி நழுவிப் புல்லில் விழுந்தது.

ஆர்வில் பென்சிலை நாக்கில் தொட்டார். தொட்ட மாத்திரத்தில் அவருக்கு அந்த ஆறடிப் பெண்ணும் ஒட்டு மீசையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. போன வருஷம் வந்திருக்கவேண்டிய சிரிப்பு அப்போது வந்தது. குதிரை கனைக்கிற மாதிரி சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குச்சியைத் தவறவிட்டவன் அவரைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். பாவம், அவனுக்கு அது வாழ்நாள் முழுக்க ஆறியிருக்காது.

ஹார்லன் நட்சன் நடுவர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

“அன்னிக்கு நீ சிரிச்சிருந்தா நானும் கூடச் சேந்து சிரிச்சிருப்பேன்,” என்றார். “இது சிரிக்கிற இடமாய்யா?”

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சிரித்த மனிதர், அதையும் ஒரு வருஷம் தாமதமாக, தப்பான ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அவர் பிளம் ஹாலோவுக்கு வந்தார். மரப்பெட்டி கையில் இல்லை. டோலோரஸ் அப்பாவின் சீஸ் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் கல்லாயிற்று.

“தராசு போன மாசம்தான் பாத்துட்டுப் போனீங்க, மிஸ்டர் டீட்ஸ்.”

“அதுக்கு வரல,” என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “பதினெட்டு வருஷம் மைதானத்துக்குள்ளயே நடந்திருக்கேன். ஒரு ஆட்டத்தைக்கூட நான் பாத்ததில்ல. உன்னோடதாவது பாக்கணும்னு வந்தேன்.”

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அவர்மேல் இரக்கம் வரவில்லை, வந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். அணி கலைந்து ஒன்பது மாதமாகியும் எட்டாவது கோடு எங்களுக்கு ஆறவில்லை. டோலோரஸ் என்ன நினைத்தாளோ, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சீஸ் அலமாரிகளுக்கு நடுவில் பின்பக்கத்தைத் தூக்கி, காதைச் சாய்த்து, கதவு வரைக்கும் நடந்து காட்டினாள். நாங்கள் சிரித்தோம். ஆர்வில் கண் கொட்டாமல் பார்த்தார். சிரிக்கவில்லை.

“வலது கால்ல ஆரம்பிச்சே,” என்றார். “நான் எப்பவும் இடதுதான்.”

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்ப நீங்களே காட்டுங்க.”

காட்டினார். தொப்பியை மாவு மூட்டைமேல் வைத்துவிட்டு, இடுப்பை மடித்து, இடது காலை முன்வைத்து, பென்சிலை நக்கியபடி, கடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஆர்வில் டீட்ஸ் ஆர்வில் டீட்ஸாக நடந்தார். டோலோரஸ் விலைச்சீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கை தூரத்தில், குனிந்து, அவர் கால்களை மட்டும் பார்த்தபடி கூடவே போனாள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. வேடிக்கை காட்டுவதாகவே அவர் நினைக்கவில்லை, சரியாக நடந்து காட்டுவதாகத்தான் நினைத்தார்.

சுவரை எட்டியதும் நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது.

“எத்தனை கோடு?” என்று கேட்டார்.

டோலோரஸ் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஒன்றுகூட இல்லை.