பிறந்தநாளுக்கு யாழ்ப்பாணம் போனது

காலை எட்டே காலுக்கு உடுப்பிட்டியில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். கட்டணம் நூற்றிருபது ரூபாய். யன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கையில் என் பழைய கணக்கு மாஸ்ரரும் கிடைத்தார்.

"எங்கை, வெள்ளெனப் புறப்பட்டாச்சு?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எவரும் பயணம் போய்விட முடியாது. "பல்லுக் காட்டப் போறன், மாஸ்ரர்."

"கராம்பை வைச்சுக் கடியும்."

அதன்பிறகு கன்னத்தைப் பொத்திக்கொண்டே போகவேண்டியதாயிற்று. புத்தூரில் கை உளைந்து மற்றக் கன்னத்துக்கு மாறினேன்.

"அங்காலையும் பரவீட்டுது போல," என்றார் மாஸ்ரர்.

நான் போய்க்கொண்டிருந்தது எச்.ஐ.வி. பரிசோதனைக்கு. ஆறு கிழமைக்கு முன் என்னோடு ஓர் இரவு இருந்தவர் முந்தாநாள் தொலைபேசியில் அழைத்து, தனக்கு இருப்பதாகவும் என்னையும் பார்க்கும்படியும் சொன்னார். அவர் குரல் நடுங்கவில்லை. நான், சந்தா ரசீது கிடைத்தவனைப்போல, "மிக்க நன்றி" என்றேன். ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். ஆனால் அங்கே என் ஒன்றுவிட்ட தங்கை வேலை செய்கிறாள்.

பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ஒழுங்கைக்குள் ஒரு வாடகை வீடு. ஆண்களை விரும்பும் ஆண்கள், அதாவது என் ஆட்கள், சிலர் பயிற்சி எடுத்து மாதமொருமுறை அங்கே பரிசோதனை செய்கிறார்கள். வாசலில் பலூன் கட்டியிருந்தது.

"இவ்வளவு ஆம்பிளையள் ஏன் வருகினம் எண்டு ஒழுங்கை கேக்குமெல்லோ, அண்ணை? அதாலை பிறந்தநாள்," என்றபடி, பயிற்சி எடுத்தவர்களில் ஒருவனான ரமணன் என் விரலில் குத்தினான். "பட்டியிலை ஒரு கோடு விழுந்தால் இல்லை. ரெண்டு எண்டால் மருந்து இருக்கு, கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போவன். இருபது நிமிசம் பொறுங்கோ."

அதற்குள் பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா அன்ரி ஒரு தட்டு றோல்ஸோடு வந்துவிட்டார்.

"இந்தமுறை ஆற்றை பிறந்தநாள்?"

பலூன், கேக் எல்லாம் வாங்கியவர்கள் பிறந்தவனை யோசித்து வைக்கவில்லை. ரமணன் என் பரிசோதனைப் பட்டி கிடந்த உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு என்னைக் காட்டினான்.

பஞ்சு வைத்த விரலை மடக்கிக்கொண்டு கேக் வெட்டினேன். எல்லோரும் பாடினார்கள். என் பார்வை அந்தக் கதவிலேயே இருந்தது. அன்ரி நெற்றியில் சிலுவை போட்டார். "நூறு வருசம் இருக்கோணும், தம்பி." கண் கலங்கிவிட்டது.

"அழாதையுங்கோ. ஆருக்குத்தான் வயசு போகேல்லை?"

அவர் போனதும் ரமணன் உள்ளே போய் வந்தான். "ஒரு கோடுதான், அண்ணை." நான் கதிரையைத் தேடி அமர்ந்தேன். "ஆனால் ஆறு கிழமை காணாது. இன்னும் ஒண்டரை மாசத்தாலை திருப்பிப் பாக்கோணும். அப்பதான் நிச்சயம்."

பிற்பகல் இரண்டு மணி பஸ். அன்ரியின் றோல்ஸை இரண்டு பக்கத்தாலும் மென்றுகொண்டிருந்தபோது மாஸ்ரர் ஏறினார்.

"பல்லு என்ன மாதிரி?"

"இப்போதைக்குப் பயமில்லையாம். ஒண்டரை மாசத்தாலை திரும்பவும் வரட்டாம்." அன்று நான் அவருக்குச் சொன்ன ஒரே உண்மை.

மாஸ்ரர் என் தோளில் கை வைத்தார். "தனியப் போகாதையும். எனக்கும் ஒரு பல்லு ஆடுது. சேர்ந்தே போவம்."

புத்தூர் வந்தது. எந்தக் கன்னத்தைப் பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.