அட்டைப் பெட்டியும் ஒரு லட்டும்

மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் புளித்த வாடை பட்டால், இன்றைக்கும் எனக்குக் கொரட்டூர் வீட்டின் பின்கட்டுதான் கண்முன் வரும். அங்கேதான் அம்மா மூன்று பெண்களை வைத்து அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிக் கம்பெனிகளுக்கு எங்கள் பெட்டிதான் என்று பள்ளிக்கூடத்தில் நான் அளந்துவிட்டதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

விலைவாசி ஏறுகிறது என்பதைப் பேப்பர் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கலாம். நான் பெட்டியின் அளவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எண்ணெய், சர்க்கரை, இரும்பு எல்லாம் எகிறிய ஒரு வருஷம், பிஸ்கட் கம்பெனிக்காரர் "மூஞ்சி அப்படியே இருக்கட்டும், இடுப்பை மட்டும் ஒடுக்குங்க" என்று முகப்பைத் தொடாமல் பக்கவாட்டில் அரை விரல் குறைக்கச் சொன்னார். சோப்புக் கம்பெனி பெட்டியை விட்டுவிட்டு உள்ளே சோப்பின் வயிற்றைக் குடைந்தது. போல்ட் கம்பெனி பாவம், போல்ட்டை எங்கே இளைக்க வைப்பது? படம் அச்சடிக்காத "மொட்டைப் பெட்டி" போதும் என்றது. அம்மாவோ அட்டை விலை ஏறியதும் எல்லாரிடமும் நேராகவே ரேட்டைக் கூட்டிக் கேட்டாள். அதற்கே இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள்.

அந்த நிலையில்தான் ஆவடி ஸ்வீட்டுக் கடைக்காரர் ஒருவர் தீபாவளி ஆர்டரோடு வந்தார். அது கிடைத்தால்தான் மூன்று பெண்களுக்கும் போனஸ். பெட்டியோடு சேர்த்து நிறுத்துக் கொடுப்பது கடைகளின் வழக்கம். நெய் விலையில் கையைச் சுட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர், அடியில் இன்னோர் அட்டை ஒட்டிக் கனமாக்கித் தரும்படி கேட்டார். ரேட்டும் கூடத் தருவாராம்.

"தராசுல ஏறிட்டா அட்டையும் ஸ்வீட்டுதான் தங்கச்சி" என்று சொல்லி, பிள்ளைக்கு என்று ஒரு பொட்டலம் லட்டையும் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா உடனே மறுக்கவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதிரிக்குக் கால் கிலோப் பெட்டி ஒன்று ஒட்டக்கூடச் செய்தாள். பசை காய்ந்ததும் என்ன தோன்றியதோ, மாவு நிறுக்கும் தராசில் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் பழைய பெட்டியையும் வைத்து, பழைய பெட்டிக்குள் ஒரு லட்டைப் போட்டாள். தட்டுகள் சமமாகிவிட்டன. போனஸ் உங்களுடையது, நீங்களே சொல்லுங்கள் என்று மூவரையும் கேட்டாள். நாலு பிள்ளை பெற்ற சரோஜா அக்காதான் வாயைத் திறந்தார்.

"எங்க ஊட்டுக்குக் கால் கிலோதான்க்கா வாங்குவேன். ஒரு லட்டு போச்சின்னா ஒரு புள்ளைக்கு இல்லாம பூடும்."

அம்மா மாதிரியைக் கிழித்துப் போட்டாள். ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது. அந்தத் தீபாவளிக்கு எடுப்பதாக இருந்த பட்டுப்பாவாடை போச்சே என்று நான் அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்த இரண்டு வெட்டு மிஷினில் ஒன்றை விற்று அம்மா போனஸ் கொடுத்தாள். அதற்கப்புறம் எங்கள் பட்டறை வளரவே இல்லை.

இன்று அந்தப் பின்கட்டு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். பட்டறையும் இல்லை, பசை வாடையும் இல்லை. அம்மாவும் நானும் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். நான் ஒரு தின்பண்டக் கம்பெனியில் பெட்டி வடிவமைக்கிறேன். விலைவாசி ஏறும்போதெல்லாம் மீட்டிங்கில் விலையைத் தொடாமல் எடையைக் குறைக்கலாம் என்பார்கள். ஏற்றுவதை வெளிப்படையாக விலையிலேயே ஏற்றுவோம் என்று நான் எழுந்து சொல்வேன். பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறேன். ஆனாலும் யாருடைய மகள் என்ற கர்வம் எனக்கு எக்கச்சக்கம். தொங்கிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவுக்கு உடனே புரிந்துவிடும்.

"ஜெயிக்கலன்னா கெடக்குது. எழுந்து சொன்னியா?" என்பாள்.

சொன்னேன் என்பேன்.

"அப்ப கைய கழுவிகினு வா, துன்னலாம்."