எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்ன வீடு

2003 வாக்கில், ஒரு மார்ச் மாதம், புனேயில் நடந்தது. தாபோடியில் ஒரு மாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டில் நாங்கள் இருந்தோம். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கோவையில் என் தங்கைக்குப் பிரசவ நேரம். கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து தரித்த கரு. பக்கத்தில் போய் இருக்க மனம் பறந்தது. பரீட்சைக்காரியை விட்டுவிட்டு எங்கே பறப்பது? உடம்பு புனேயிலும் உயிர் கோவையிலுமாக, அடுப்படிக்கும் போனுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

போன் என்றால் கூடத்து மூலையில் இருந்த ஒரே ஒரு போன். அதில் உள்ளூருக்குத்தான் பேசலாம். வெளியூரிலிருந்து யாராவது கூப்பிட்டால் கேட்கலாம். நாமாகக் கூப்பிட முடியாது. வெளியூர், வெளிநாடு கூப்பிடும் வசதிக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். என் கணவர் எழுதிக் கொடுக்கவில்லை. "வெளியூர்க்காரங்கதான் நம்மளக் கூப்பிடறாங்களே, வெளிநாட்டுல நமக்கு யாரு இருக்கா, எதுக்கு அதெல்லாம்?" என்பார். தாபோடியிலேயே பிறந்து வளர்ந்து தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். வேண்டாத கதவை வைப்பானேன், பிறகு அதற்குப் பூட்டுத் தேடுவானேன் என்பது அவர் கட்சி. நான் அவரைக் கஞ்சன் என்பேன்.

அதே போன் ஒயரில்தான் எங்கள் கம்ப்யூட்டரும் தொங்கிக்கொண்டிருந்தது. மகளின் படிப்புக்கென்று வாங்கியது. பூவேலை செய்த துணி போர்த்தி, கல்யாணப் பெண் மாதிரி வைத்திருந்தோம். இணையத்துக்குப் போக வேண்டுமென்றால் மோடம் என்ற சின்னப் பெட்டி அந்தப் போன் லைனில் முதலில் எண்களைச் சுழற்றும். டிட் டிட் டீட் என்று ஒரு குட்டிப் பாட்டு. பிறகு மழையில் தகரக் கூரை அதிர்வது போல ஓர் இரைச்சல். பிறகு நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் உலகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குட்டிப் பாட்டு எனக்கு மனப்பாடம். சப்பாத்தி தேய்க்கும்போது என்னை அறியாமல் வாயில் வரும். "அம்மா நெட் கனெக்ட் ஆயிட்டாங்க" என்று மகள் கிண்டல் செய்வாள்.

எனக்கு அந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தமிழ். வெளியே போனால் இந்தி, மராட்டி. மகள் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ரயில் நிலையக் கடைக்கு வரும் வாரப் பத்திரிகை பழசாகித்தான் என் கைக்கு வரும். இணையத்தில் அன்றைய தமிழ் அன்றைக்கே கிடைத்தது. ஆனால் லேசில் கிடைக்காது. அந்த நாளில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு. பக்கத்தைத் திறந்தால் கொம்பும் குறியும் வாலும் தலையுமாக ஏதோ கொட்டிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு சாம்பல் பெட்டி எழும்பி, இன்னதை உன் கம்ப்யூட்டரில் நிறுவட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். யெஸ் என்று ஓர் அழுத்து. பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நிற்பது போல எழுத்துகள் எல்லாம் இடம் பார்த்து நிற்கும். அ, அ ஆகிவிடும். அந்தக் கணத்தின் சந்தோஷத்தைச் சொந்த ஊரில் இருந்தவர்களுக்கு நான் எப்படி விளக்குவேன்?

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு யெஸ் பழகியது. பெட்டி எழும்பினால் விரல் தானாக இறங்கும். எழுத்துருதான் கேட்கிறது என்று நினைப்பு. பாட்டுக்கு யெஸ், ஜோசியத்துக்கு யெஸ், "நீங்கள் பரிசு வென்றிருக்கிறீர்கள்" என்றதற்கும் ஒரு யெஸ். கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கேட்காத விளம்பரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்தன.

புனேயிலேயே கோந்த்வாவில் புதிதாகக் குடிவந்திருந்த சென்னைக்காரத் தம்பி ஒருவர், என் கணவருக்கு நண்பர், மென்பொருள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வைரஸ் தடுப்பு சிடியோடு வந்தார். போட்டுக்கொண்டே சொன்னார்:

"அக்கா, இது கேக்கற எல்லாத்துக்கும் யெஸ் சொல்லாதீங்க. என்ன கேக்குதுன்னு முதல்ல படிங்க."

"படிக்கறதுக்குத்தானே தம்பி யெஸ் சொல்றேன்."

"அவங்க அப்படித்தான்பா," என்றார் கணவர். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் யோசிச்சு யெஸ் சொன்னாங்க. அது நான் பொண்ணு பார்க்கப் போனப்ப."

"அதைத்தான் இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்," என்றேன். தம்பி சிரித்துவிட்டு, முழுசாகத் தேடிப் பார்க்க நேரம் பிடிக்கும், ஒரு நாள் காலையில் ஓடவிட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் அதற்குத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் தங்கையின் கணவர் போன் செய்து, வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், எதிரில் இருக்கிற போன் பூத்திலிருந்து நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றார். உடனே வீட்டில் சட்டம் போட்டேன்: இனி செய்தி வரும்வரை யாரும் இணையம் பக்கம் போகக் கூடாது, நெட் ஓடினால் போன் எங்கேஜ்ட் ஆகிவிடும், லைன் சும்மா இருக்க வேண்டும். கணவரோ, இணையம்தானே கூடாது, கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது என்று காலையில் அந்த வைரஸ் தேடலை ஓடவிட்டார். துணியையும் மேலே போர்த்திவிட்டார், தூசி படாமல்.

மகளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் நின்றேன். கூடத்தில் மோடம் பாடியது.

"ஏங்க, சொன்னா கேக்கமாட்டீங்களா? நெட் போடாதீங்கன்னேனே."

"அரே, நான் எங்க போட்டேன்? சட்டை பட்டன் போட்டுக்கிட்டிருக்கேன்."

"பின்ன யாரு போட்டது?"

"நீதான் வாயில பாடியிருப்ப."

இருக்கலாம் என்று நானே நினைத்தேன். அவர் வேலைக்குப் போனார். நான் கொல்லைப்புறத்துக்குத் துணி உலர்த்தப் போனேன். வாளியில் பிழிந்த துணி, தலைக்கு மேல் நல்ல வெயில், காதெல்லாம் கூடத்தில். மணி அடிக்கவே இல்லை. இன்னும் ஆகவில்லை போலிருக்கிறது, முதல் பிரசவம் இழுக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் மேல்வீட்டு வஹினி படியிறங்கி ஓடி வந்தார். வஹினி என்றால் மராட்டியில் அண்ணி. நான் அவருக்கு வஹினி, அவர் எனக்கு வஹினி. எங்கள் வீட்டில் போன் இல்லாத காலத்தில் அவர் வீட்டு எண்ணைத்தான் ஊரில் கொடுத்திருந்தோம். என் அம்மா அதை மறக்காமல் தங்கை மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறாள்.

"உங்க போன் காலையிலிருந்து எங்கேஜ்டாம் வஹினி. கோயம்புத்தூர்லேர்ந்து எங்க வீட்டுக்கு வந்துச்சு," என்றார் இந்தியில். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஆம்பளை. கோயம்புத்தூர், மார்னிங், எங்கேஜ்ட், இதுதான் புரிஞ்சுச்சு. மத்தபடி நான் என்ன கேட்டாலும் அவர் பாஷையில ஏதோ சொன்னார். அப்புறம் அழுதார். அழுதுகிட்டே வெச்சுட்டார்."

வெயில் அப்படியே இருந்தது. கொடியில் சட்டை ஆடிக்கொண்டே இருந்தது. எதற்கு அழுதார்? அந்த மனிதர் லேசில் அழுகிறவர் இல்லை. கல்யாணத்தில்கூடச் சிரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. தங்கைக்கா? குழந்தைக்கா?

கூடத்துக்கு ஓடிப் போய் ரிசீவரை எடுத்தேன். உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். நிதானமாக, மராட்டியில், பிறகு இந்தியில், பிறகு ஆங்கிலத்தில்: இந்த வசதி உங்கள் தொலைபேசிக்கு இல்லை. பதிவு செய்த குரல். யாரிடம் சொல்கிறாள்? நான் யாரையும் கூப்பிடவில்லையே. குரல் அறுந்தது. ரிசீவரைக் காதில் வைத்தபடியே நிற்கிறேன், எனக்குப் பின்னால், பூவேலைத் துணிக்கு அடியிலிருந்து, மோடம் மறுபடி பாடத் தொடங்கியது.

பாட்டு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. என் குட்டிப் பாட்டு இல்லை அது. முன்னால் ஏதோ சேர்ந்து, பின்னால் நீண்டு, நான் அறியாத ஏதோ ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தது. தெரிந்த பாட்டைத் தெரியாத ஆள் பாடினால் உடம்பு கூசுமே, அப்படிக் கூசியது. மறுபடி அந்தப் பெண். இந்த வசதி உங்கள் தொலைபேசிக்கு இல்லை. என் வீட்டில், நான் இல்லாத மாதிரி, ஓர் இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஒரு குரல் மறுத்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் கோவையிலிருந்து ஒரு மனிதர் கதவு தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்.

துணியை உருவினேன். திரையில் வைரஸ் தேடல் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. அதோடு பேச எனக்கு நேரமில்லை. குனிந்து, மோடத்திலிருந்து போன் ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் மேசைமேல் இருந்த பேனா டப்பா கவிழ்ந்தது.

ரிசீவரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வஹினியும் பக்கத்தில் உட்கார்ந்தார். சிதறிக் கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். சில நேரத்தில் ஆறுதல் என்பது அவ்வளவுதான்.

மணி அடித்தது. வெளியூர் மணி, நீளமாக.

"அண்ணி, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கங்க. பொண்ணு பொறந்திருக்குதுங்க."

என் வாயில் முதலில் வந்தது திட்டுத்தான். "பின்ன எதுக்கு மாப்பிள்ளை அழுதீங்க? இங்க உயிர் போயிருச்சு."

"நான் என்னங்க பண்றது. உங்க போனு கெடைக்கவே மாட்டீங்குது. அந்தம்மா இந்தில கேக்கறாங்க, எனக்கு இந்தி வராது. முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லோணும்னு இருந்தேன், ஆருகிட்டயோ சொல்றேனேன்னு நெனச்சேன், அழுகை வந்திருச்சுங்க." சொல்லும்போதே மறுபடி அழுதார். இந்தத் தடவை நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

வஹினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் அழுகையில் எது எதுவென்று தெரிந்துவிட்டது. போனை வைத்ததும் கேட்டார்: "பேடா கீ பர்ஃபி?"

அங்கே அது ஒரு வழக்கம். பையன் பிறந்தால் பேடா கொடுப்பார்கள், பெண் பிறந்தால் பர்ஃபி. "பர்ஃபி," என்றேன். கடைக்கு நான் போக வேண்டும் என்று செருப்பைத் தேடுவதற்குள், வஹினி தன் வீட்டிலிருந்த சர்க்கரையை அள்ளிவந்து என் வாயில் போட்டுவிட்டார்.

சாயங்காலம் சென்னைக்காரத் தம்பி வந்து பார்த்தார். ஏதோ ஒரு பெட்டிக்கு நாங்கள் சொன்ன யெஸ் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்த நிரல் அது. இணையத்துக்கான எண்ணை எடுத்துவிட்டு, கடல் தாண்டி ஏதோ ஒரு தீவின் எண்ணைப் போட்டிருக்கிறது. தொடுப்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பச் சுழற்றித்தான் லைனை அடைத்திருக்கிறது; கிடைத்திருந்தால் பேச்சே இல்லாமல் பேசி எங்கள் பில்லை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கும். வைரஸைத் தேடுகிற மென்பொருளுக்கு இந்த மாதிரி உளவாளி கண்ணில் படாதாம். அதற்கு வேறு மென்பொருள் வேண்டுமாம்.

"நல்லவேளை உங்க போன்ல வெளிநாட்டு வசதி இல்ல," என்றார் தம்பி.

என் கணவர் பர்ஃபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கஞ்சன் என்ற சொல்லை அன்றோடு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

உளவாளியைப் பிடிக்கும் மென்பொருள் வந்தது. வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டும் பழக்கம் வந்தது. யெஸ்ஸுக்கு முன்னால் படிக்கும் பழக்கமும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. பிறகு எல்லாத் தமிழும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தானாகத் தெரிகிற காலம் வந்தது. மோடம் பழைய சாமான்காரரிடம் போனது. அன்று பிறந்தவள் இப்போது என்னைப் பெரியம்மா என்று வீடியோவில் கூப்பிடுகிறாள். நீ வரும்போது உனக்கு முன்னால் ஒரு தீவு வரிசையில் நின்றது என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

ஆனாலும் திரையில் ஒரு பெட்டி எழும்பி என் சம்மதம் கேட்கும்போதெல்லாம் விரல் அந்தரத்தில் நிற்கிறது, காது ஒரு கணம் கூடத்துக்குப் போய்வருகிறது: உள்ளே வர விடுவது யாரை என்று பார்த்தால் மட்டும் போதாது, நமக்காக அழுதுகொண்டு வாசலில் நிற்கிறவருக்கு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.