பல் தெரிய ஒரு படம்

மூலையார் என்ற பெயரை அவருக்கு வைத்தது கேமரா வட்டம்தான். யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் நடுவில் இருப்பது குழந்தையா குதிரையா என்று அவர் பார்ப்பதில்லை. நேராக நான்கு மூலைகளுக்குப் போவார். கீழே வலது மூலை தெளிவில்லாமல் கொழகொழவென்று இருக்கிறதே என்பார். எடுத்தவர் முகம் தொங்கிப்போகும். சலவைக்கடை மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிற பதினோரு ஆண்களுக்கு இது பெரிய ஞானமாகத் தெரிந்தது.

பிழைப்புக்கு அவர் பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் பல்லை அடுக்கிப் பார்த்து, செட் செய்து கொடுக்கும் லேபில் இருபத்தெட்டு வருஷம். சட்டைப் பையில் எப்போதும் சுண்ணாம்புப் பொடி மாதிரி அச்சுத் தூள் இருக்கும். அங்கே அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முன்பல் கட்ட வேண்டுமானால், அந்த ஆள் பல் தெரியச் சிரித்த பழைய படம் ஒன்று வந்தே ஆக வேண்டும். ஒவ்வொருவர் முன்பல்லும் ஒரு மாதிரி. ஒன்று சற்றுத் திரும்பியிருக்கும், ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும். அது தெரியாமல் கட்டினால் வாய்க்குள் சோழிகளை அடுக்கியது போல் இருக்கும். படம் இல்லை என்று வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஒரு மனுஷன் அம்பது வருஷம் வாழ்ந்திருக்கான், ஒரு தடவ சிரிச்சத எடுத்துவைக்க வீட்டுல ஒரு ஆள் இல்லயா?" என்று லேப் முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

ஊருக்குத்தான் உபதேசம்.

அந்தச் சலவைக்கடை மாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கீழிருந்து நீராவி வாடை ஏறிவரும். நீளமான ஒரு மேஜை, அதன் மேல் துணி விரித்து, அவரவர் கேமராவைக் கடை பரப்பியிருப்பார்கள். முன்னெல்லாம் ஃபிலிமில் முப்பத்தாறு படம்தான், ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தோம், இப்போது சொடுக்குகிறார்கள், ஆயிரம் விழுகிறது, கலை போச்சு என்று ஆரம்பிப்பார் மருந்துக்கடைக்காரர். வட்டத்துக்குத் தலைவர் மாதிரி. அவர் யோசித்து எடுத்த முப்பத்தாறும் அவர் கடைக்கு எதிரே இருக்கும் தபால் பெட்டி. வங்கிக்காரர் அதை மறுப்பார். ஃபிலிமில் எங்கே சாமி தெளிவு இருந்தது, உள்ளே கண்ணாடி இல்லாத இந்தப் புது மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகுதானே தெளிவு என்றால் என்னவென்றே தெரிந்தது என்பார். அவரும் எடுப்பது தபால் பெட்டிதான். பழைய லென்ஸை விற்பார்கள், புதியதை வாங்குவார்கள், விற்றதை நினைத்து ஏங்குவார்கள், திரும்ப அதையே இன்னொருவரிடம் வாங்குவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்தையே இருபது வருஷமாக மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஆட்டம் மட்டும் ஒரு நாளும் நடக்கவில்லை.

புதிய லென்ஸ் வந்தால் சோதிக்க வேண்டும். அதற்கு மூலையார் கண்டுபிடித்த வழி நாளிதழ். முழுத்தாளை விரித்து, அதன் நான்கு மூலையும் படத்தின் நான்கு மூலைக்குப் பொருந்தும்படி எடுத்தால், ஓரத்துப் பொடி எழுத்து படிக்க முடிகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தாளைச் சுவரில் ஒட்டலாம். ஆனால் சுவரில் ஆணியோ பசையோ கூடாது என்று வீட்டுக்காரர் உத்தரவு. மனைவி விஷயத்தில் அப்படி உத்தரவு எதுவும் இல்லாததால், பின்கட்டுச் சுவரோரம் அவளை நிறுத்தித் தாளைப் பிடிக்கச் சொன்னார். பதினேழு வருஷம் அவள் பிடித்தாள். அவர் லென்ஸுக்கு மட்டுமா? வட்டத்தில் யார் வாங்கினாலும் சோதனை அவர் வீட்டுப் பின்கட்டில்தான். சில ஞாயிறுகளில் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். அவள் கையில் அடுப்படி ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை விரிப்பாள். அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வரும். பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று நேற்றைய செய்தியைப் படம் பிடிக்கிறார்களே என்று வரும். "சிரிக்காத, பேப்பர் ஆடுது" என்பார் மூலையார். அவள் வாயை மூடிக்கொள்வாள்.

இது போன மாதம் வரை நடந்தது.

போன மாதம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து குழாயில் முகம் மோதியது. மேல் வரிசையில் முன்பல் நான்கு போயின. ஒன்று முழுதாகவும், மூன்று உடைந்தும். உடைந்ததையும் டாக்டர் எடுத்துவிட்டார். அவள் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவள். நாளெல்லாம் ஜன்னல் வழியாக முகத்தைக் காட்டிப் பேசுவதுதான் வேலை. லீவு போட்டுவிட்டு, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருந்தாள். பல்லைப் பற்றி மூலையார் கவலையே படவில்லை. ஊர் வாய்க்கெல்லாம் கட்டுகிற கை, சொந்த வீட்டு வாய்க்குக் கட்டாதா?

"கடையில வாங்கின பல்லு மாதிரி வேண்டாங்க. என் பல்லு எப்படி இருந்துச்சோ அப்படியே வையுங்க. அப்பதான் வேலைக்குப் போவேன்," என்றாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். தொழில்காரன் கேட்கிற கேள்விதான்.

அவள் கைக்குட்டையை எடுக்காமல் அவரையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. ஒரு பல் கொஞ்சம் ஏறியிருந்தது என்று மட்டும் ஞாபகம். இடதா வலதா? ஆயிரம் பேர் பல்லை அடுக்கிய மனிதர் மெழுகுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அவளையே கேட்டார். "நான் எங்க பாத்தேன், கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுக்கிட்டா இருப்பேன்?" என்றாள். அதுவும் சரி. சரி, படம் இருக்கிறது, நாற்பதாயிரம் படம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

நாற்பதாயிரத்தில் தபால் பெட்டி போக, சுவர் போக, பூந்தொட்டி போக, மிச்சம் நாளிதழ். தாளின் இரண்டு பக்கமும் அவளுடைய விரல்கள். எட்டு விரல்கள், துல்லியமாக, நகக்கண் வரை. விரலில் வெட்டுக்காயத்துக்குச் சுற்றிய துணி. கொஞ்ச வருஷம் கழித்து அதே விரலில் தழும்பு. மோதிரம் இறுகியது, பிறகு கழற்றப்பட்டது, தோல் சுருங்கியது. ஒரு பெண்ணின் கை கிழடானதை வருஷவாரியாக, மூலை மங்காமல் எடுத்துவைத்திருந்தார். தலையை மறைத்துத் தாள். இவற்றில் முகம் ஒன்றில்கூட இல்லை.

பின்னணியை மங்கலாக்கும் லென்ஸ்கள் வந்த காலத்தில் எடுத்த சிலவற்றில் தாளுக்குப் பின்னால் முகம் எட்டிப் பார்த்தது. அதில் ஒன்றில் அவள் சிரிக்கிறாள். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. ஆனால் தெளிவு தலைப்புச் செய்தியில். முகம் வெண்ணெயாக உருகி, பல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். அந்தப் படத்துக்குக் கீழே அவரே குறிப்பு எழுதியிருந்தார்: 'பின்னணி பிரமாதமாகக் கரைகிறது.'

அதை இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கல்யாணப் படத்தில் அவள் தலை குனிந்திருந்தாள். உறவுக்காரர்கள் போனில் எடுத்த படங்களையும் கேட்டு வாங்கினார். எல்லாவற்றிலும் வாயை இறுக மூடியிருந்தாள். கேமராவைக் கண்டால் வாயை மூட வேண்டும் என்று அவளுக்கு யார் பழக்கினார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் மனைவியின் தங்கைதான் ஒரு படத்தைத் தேடிக் கொண்டுவந்தாள். கல்யாணமான மறுவருஷம், அவளிடம் இருந்த விளையாட்டுச் சாமான் மாதிரியான பிளாஸ்டிக் கேமராவில் எடுத்தது. அக்கா மொட்டைமாடியில் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். பல் அத்தனையும் தெரிந்தது. மூலையார் படத்தை வாங்கிப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "மேல் மூலையில கட்டைவிரல் விழுந்துருச்சே."

"ஆமா மாமா," என்று மட்டும் சொன்னாள் மச்சினி.

படம் தீப்பெட்டி அளவு. பெரிதாக்கினால்தான் பல்லின் திருப்பம் தெரியும். கிட்டத்தில் எடுக்கிற லென்ஸ் அவரிடம் இருந்தது. அதை அவள் விழுவதற்கு முந்தின மாதம்தான் விற்று வேறொன்று வாங்கியிருந்தார். மருந்துக்கடைக்காரரிடம் ஒன்று உண்டு. எனவே ஞாயிறு அந்தப் படத்தை உறையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் அதை நகலெடுத்துச் சுவர்த் திரையில் போட்டார். மனைவியின் சிரிப்பு ஆளுயரத்துக்கு நின்றது.

இடது பல்தான். பக்கத்துப் பல்லின் மேல் ஒரு நெல் அளவுக்கு ஏறியிருந்தது.

வட்டம் வேலையை ஆரம்பித்தது. ஓரமெல்லாம் ஊதா வழிகிறதே என்றார் ஒருவர். பிளாஸ்டிக் லென்ஸ் அப்படித்தான் என்றார் இன்னொருவர். விரலைப் பார், விரலை என்று ஒருவர் சிரித்தார். அந்தக் காலத்து மட்டக் கேமரா எது எது என்று ஒரு பட்டியல் ஓடியது. யாரும் திரையின் நடுவைப் பார்க்கவில்லை.

"இத எதுக்குப் பெருசு பண்றீங்க? தூக்கிப் போட வேண்டிய படம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இது என் வீட்டுல," என்றார் மூலையார்.

வங்கிக்காரர் முகம் மலர்ந்து, "அட, நம்ம பேப்பர் அம்மாவா? அடையாளமே தெரியல," என்றார்.

பதினேழு வருஷம் அவள் கையால் தேநீர் குடித்தவர்கள். அவர்களுக்கு அவள் பேப்பர் அம்மா. அந்த மேஜையில் பரப்பியிருந்த லென்ஸ்கள், மூடிகள், துடைக்கும் துணிகள் எல்லாம் மூலையாருக்குக் கசாப்புக் கடைச் சாமான்களாகத் தெரிந்தன. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். மல்லாந்து துப்பினால் மாரில்தான் விழும். கட்டைவிரலைப் பற்றி முதலில் பேசியது அவர்தானே. நகலை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.

பல் செட் மூன்று வாரத்தில் முடிந்தது. லேபில் வேறு எந்த வாய்க்கும் அத்தனை நேரம் எடுத்ததில்லை. இடது பல்லை ஒரு நெல் அளவு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி வைத்தார். ஒரு காலை வெளிச்சத்தில் கூடத்து ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து மாட்டிவிட்டார். அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். நாக்கால் அந்த இடது பல்லைத் தடவினாள். கைக்குட்டை மடியில் விழுந்தது.

"இதுதாங்க. இது என் பல்லு," என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தாள். மொட்டைமாடியில் சிரித்த அதே சிரிப்பு, முப்பது வருஷம் கழித்து.

மூலையார் ஓடினார். அலமாரியில் கைக்கு முதலில் கிடைத்த கேமராவை எடுத்தார். எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

"அப்படியே இரு," என்றார்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். சட்டென்று எழுந்தாள். மேஜை மேலிருந்த அன்றைய நாளிதழை எடுத்தாள். சுவரோரம் போய் நின்று, முகத்துக்கு நேராக அதை விரித்துப் பிடித்தாள். தாள் ஆடாமல் இருக்க வாயை மூடிக்கொண்டாள்.

"நேரா இருக்குதாங்க?" என்று தாளுக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.