படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவர்கள்

புது பெயிண்ட் வாசனை... கோயமுத்தூரில் நாங்கள் படித்த காலேஜை நினைத்தாலே அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது.

லைப்ரரிக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு ரூமுக்கு இளம்பச்சை அடித்து, குஷன் சேர் போட்டு, ‘மாணவர் மனநல மையம்’ என்று போர்டு மாட்டினார்கள். இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வந்தது. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

அதை நிஜமென்று நம்பியவள் என் ரூம்மேட் ஜெசிந்தா ஒருத்திதான்.

காங்கேயம் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கொப்பரைக் களத்தில் வேலை. அந்த வீட்டிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள் அவள். மேத்ஸ் பேப்பர் மறுபடி மறுபடி போய்க்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. சர்ச்சுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"ஆருகிட்டயாவது பேசோணும்டி..." என்று ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த ரூமுக்குப் போனாள்.

பூட்டியிருந்தது.

அந்தப் பக்கம் வந்த அட்டெண்டர் அண்ணன் சொன்னார்: "அது கமிட்டிக்காகத் தொறந்ததுங்க அம்மணி. டாக்டரெல்லாம் ஆரும் வரமாட்டாங்க."

அவள் திரும்பிப் போகவில்லை. வாசல் படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அழுதாள்... நானும் அழுதேன்.

மறுநாளும் போனோம். அதற்கடுத்த வாரம் சிவில் டிபார்ட்மெண்ட் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பிறகு ஒரு மெக்கானிக்கல் பையன், தோளில் பையோடு. "நானும் உக்காரலாமுங்களா?" என்றான். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவதாகப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன். "எதுக்குப் படிக்கிறேன்னே தெரியலீங்க" என்றான்.

"எங்களுக்கும் தெரியாதுங்க. உக்காருங்க" என்றாள் ஜெசிந்தா.

அன்று அவன் பஸ் ஏறவில்லை. மறுநாள் கிளாஸில் இருந்தான்.

யாரும் யாருக்கும் அட்வைஸ் சொன்னதில்லை. ஆனால் சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்பதே அந்தப் பகலைத் தள்ளப் போதுமாக இருந்தது. ஜெசிந்தா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். அந்த மேத்ஸ் பேப்பரையும் முடித்தாள்.

ஆறேழு மாதம்கூடப் போயிருக்காது. அவளையும் என்னையும் பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே ஜெசிந்தாவின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

பிரின்சிபால் அவரிடம் சொன்னார்: "பசங்களும் பொண்ணுங்களும் கூட்டமா உக்காந்து அழுதுட்டிருந்தா, அட்மிஷனுக்கு வர்ற பேரண்ட்ஸ் என்னங்க நினைப்பாங்க?"

"அழுவறதுக்கும் பர்மிஷன் வாங்கோணுங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள் ஜெசிந்தா.

"கண்ணு, நீ பேசாத இரு" என்று அவளை அடக்கிய அப்பா, கையைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்க சார். இனிமே எம்புள்ள அழுவாதுங்க."

அந்த வாரமே படிக்கட்டை மறித்து கிரில் கேட் போட்டார்கள். கூட்டம் கலைந்தது. மெக்கானிக்கல் பையன் கொஞ்ச நாள் தலைகாட்டினான்... அப்புறம் காணோம். படிப்பை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

ஜெசிந்தா டிகிரி முடித்தாள். இப்போது பெங்களூரில் வேலை. எப்போது போன் செய்தாலும், "நல்லாருக்கேன்டி, நீ?" அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவள் அழுது நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

நான் சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறேன். தினமும் காலையில் லாகின் செய்ததும் ஸ்கிரீனில் ஒரு கேள்வி வரும்: இன்று எப்படி உணர்கிறீர்கள்? கீழே வரிசையாக மஞ்சள் முகங்கள்.

அழுகிற முகத்தைத் தொட்டால் மேனேஜருக்கு மெயில் போகும்.

எல்லோரும் சிரிக்கிற முகத்தைத்தான் தொடுகிறோம்.