கடைசி முட்டு

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு போர்ட்டிகோ போட வந்த மேஸ்திரி ஒல்லியான ஆள். சிமென்ட் படிந்து புருவம் எப்போதும் நரைத்த மாதிரி இருக்கும். நான் எட்டாவதோடு நின்றவன். கட்டட வேலையெல்லாம் தெரியாது, பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். "தாங்குமா மேஸ்திரி?" என்று தினமும் கேட்பேன்.

"நீ கேக்கறதுலயே தளம் பயந்து வுழுந்துடும் போலக்கீது சார்" என்று கிண்டல் செய்வார்.

கான்கிரீட் இறுகியதும், அடியில் முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டைகளை ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கடைசிக் கட்டை மிச்சமிருந்தபோது மேஸ்திரி எல்லோரையும் தெருவுக்குப் போகச் சொல்லிவிட்டு சுத்தியலை எடுத்தார். எந்த வேலையிலும் கடைசிக் கட்டையை அவரேதான் தட்டுவாராம்.

"வேற ஆளை அனுப்பக் கூடாதா?" என்றேன்.

"ஒரு தபா என் தங்கச்சி புருஷன அனுப்பினேன் சார். வூட்டுக்காரருக்கு விசேஷம், சீக்கிரம் பிரிச்சுடுன்னாரு. நானும் சரின்ட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? என் தங்கச்சி என்னாண்ட பேசறதில்ல."

உள்ளே போய் அடித்தார். கட்டை சாய்ந்தது, தளம் அசையவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆட்கள் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும் வெளியே வரவில்லை. தளத்துக்கு நடுவில் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

தன் வேலையை நம்பித்தான் நின்றார் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் வெளியே வந்தபோது அந்த முகத்தில் நிம்மதி இல்லை. எதற்கோ காத்திருந்து, அது வராமல் போனவர் மாதிரி இருந்தார்.